அவிழாத கட்டுச்சோறு

போன வாரத்து அத்தியாயத்தைப் படித்துவிட்டு ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். 'மருதாசலம் மாதிரி புருஷன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். மத்தியானம் அத்தனை வெயிலில் சைக்கிள் மிதித்து வந்து பெண்டாட்டி முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போகிறானே! எங்கள் வீட்டுக்காரரும் இருக்கிறாரே, நான் இருக்கிறேனா செத்தேனா என்று கூடக் கேட்பதில்லை' என்று நாலு பக்கம். அந்தச் சகோதரியை ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்த வாரத்தையும் படியுங்கள். படித்துவிட்டு அப்புறம் எழுதுங்கள்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மருதாசலம் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நிட்டிங் மெஷின் ஓட்டுகிறவன். வயது இருபத்தெட்டு. மண்ணரையில் ஒரு லைன் வீட்டில் குடித்தனம். மனைவி ஞானாம்பாள், சாமளாபுரத்துத் தறிக்காரர் சாமியப்பனின் மூத்த மகள். கல்யாணமாகி ஒன்றரை வருஷம் ஆகிறது. இப்போது அவளுக்குத் தலைச்சன் பிள்ளை, ஏழாம் மாசம்.

பத்து நாளைக்கு முன்னால் ஞானாம்பாள் யாருக்கும் தெரியாமல் அடுத்த தெரு நர்ஸம்மாவிடம் போனாள். காலில் விரல் வைத்து அழுத்தினால் குழி விழுகிறது. தலைவலி விடாமல் இடிக்கிறது. கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்த நர்ஸம்மாவின் முகம் மாறிப் போயிற்று.

"ரத்தக் கொதிப்பு ஏறிக் கெடக்குது. நாளைக்கே உங்க ஊட்டுக்காரரைக் கூட்டிட்டு வா. கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரியில சேர்க்கோணும். தள்ளிப் போட்டியானா ரெண்டு உசுருக்கும் ஆகாது, ஆமா."

ஞானாம்பாள் வீட்டுக்காரரைக் கூட்டிப் போகவில்லை. அவனிடம் வாயே திறக்கவில்லை. சொன்னால் அவன் என்ன ஆவானோ என்று பயம். அடுத்த வாரம் வியாழக்கிழமை அம்மா வந்து அழைத்துப் போகப் போகிறாள், தாய்வீட்டில் கால் வைத்ததும் அம்மாவின் காதில் போட்டுவிட்டால் மறுநாளே கோயமுத்தூர் போய்விடலாம் என்று மனசுக்குள்ளேயே முடிவு கட்டிக்கொண்டு பத்து நாளையும் பல்லைக் கடித்துத் தள்ளினாள்.

அந்த வியாழக்கிழமைதான் இன்றைக்கு.

*

காலை ஆறரைக்கே மருதாசலம் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

"பத்து மணிக்கெல்லாம் வந்தர்றேன், ஞானம். மொதலாளிகிட்டச் சொல்லியாச்சு."

"நெசமா வந்தருவீங்களா?"

"அட, எங்கூட்டு விசேசத்துக்கு நானில்லாமயா?" என்று சிரித்தான்.

அவன் எப்போதுமே சிரிப்பான். கோபம் வந்தாலும் சிரிப்பு, காய்ச்சலில் கிடந்தாலும் சிரிப்பு. கல்யாணமான புதிதில் ஞானாம்பாளுக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது. அப்பாவின் கத்தலையே கேட்டு வளர்ந்தவளுக்குச் சிரிக்கிற ஆண்பிள்ளை கிடைத்தால் வேறென்ன வேண்டும்?

சைக்கிளை எடுக்கப் போனவன் திரும்பி உள்ளே வந்தான். கொடியைப் பார்த்தான். அவள் சேலை ஒன்றுகூட அதில் இல்லை. எல்லாம் தகரப் பெட்டிக்குள் போயிருந்தன.

"எத்தனை சீலை எடுத்து வெச்சிருக்கறே?"

"ஏழுங்க."

"அத்தனை எதுக்கு?"

"பொறந்து மூணு மாசமாச்சும் ஆகுமில்லீங்க, திரும்பி வர."

"ஆமாமா" என்று அதற்கும் சிரித்தான்.

அவள் காப்பித் தம்ளரை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். பின்னால் பெட்டி பூட்டுகிற சத்தம் கேட்டது.

"பூட்டி வெச்சிருக்கறேன்" என்று வாசலிலிருந்து குரல் வந்தது. "ஒறம்பரை நாலு பேரு வர்ற எடம். ஆருன்னு கண்டது?"

சாவியை எங்கே வைத்தான் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். நானாக இருந்தால் கேட்டிருப்பேன். ஆனால் ஞானாம்பாள் கேட்கிற ஜாதி இல்லை. முகத்தைப் பார்த்து நடந்துகொள்கிற ஜாதி.

*

ஒன்பதரை மணிக்கெல்லாம் சாமியப்பனும் நல்லம்மாளும் பஸ் இறங்கி வந்துவிட்டார்கள். கூட ஏழு பித்தளைப் போசி. புளிச்சோறு, எள்ளுச்சோறு, தேங்காய்ச்சோறு, எலுமிச்சங்காய்ச்சோறு, தக்காளிச்சோறு, தயிர்ச்சோறு, கடைசியாக நெய் மிதக்கிற சக்கரைச்சோறு. நல்லம்மாள் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பொங்கியது. ஏழையும் ஒன்றாக அடுக்கி வெள்ளைத் துணியில் கட்டி முடிச்சுப் போட்டிருந்தது.

எங்கள் பக்கத்து வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் இன்றைக்கு நடந்த அநியாயம் புரியாது. தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை அழைத்துப் போக வருகிறவர்கள் கட்டுச்சோறு கொண்டு வருவார்கள். சாமியப்பன் குடும்பத்து வழக்கத்தில் அந்த முடிச்சை மாப்பிள்ளைதான் தன் கையால் அவிழ்க்க வேண்டும். ஒரு வாய் தான் தின்று, ஒரு வாய் பெண்டாட்டிக்கு ஊட்ட வேண்டும். அதற்கப்புறம்தான் பெண் வாசலைத் தாண்டுவாள். ஏழாம் மாசம் அழைக்கலாம், ஒன்பதாம் மாசம் அழைக்கலாம். இரட்டைப்படையில், எட்டாம் மாசத்தில், யாரும் அழைக்க மாட்டார்கள்.

ஞானாம்பாளுக்குச் சனிக்கிழமை எட்டு பிறக்கிறது. நாளைக்கு வெள்ளி, வீட்டுப் பெண்ணை வெளியே அனுப்புகிற நாள் இல்லை. இன்றைக்குப் பத்தரைக்கு மேல் ஒன்றரைக்குள் நல்ல நேரம். ஒன்றரைக்கு ராகு காலம் வந்துவிடும். ஆக இன்றைக்கு விட்டால் ஒரு மாசம்.

இது அத்தனையும் மருதாசலத்துக்கும் தெரியும்.

"ஏஞ்சாமி, மொகமெல்லாம் இப்பிடி ஊதிக் கெடக்குது?" வந்ததும் வராததுமாக நல்லம்மாள் மகளின் தாடையைப் பிடித்துத் திருப்பினாள்.

"தூக்கமில்லீங்மா."

"காலைக் காட்டு பாக்கலாம்."

ஞானாம்பாள் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "மாசமானா வீங்கத்தானுங்மா செய்யும். எனக்கொன்னுமில்லே."

அப்பா அங்கேயே நின்றுகொண்டிருந்தார். அவர் இருக்கும்போது அவள் வேறெதுவும் சொன்னதே கிடையாது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அம்மாவிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள். இன்னும் மூன்று மணி நேரம்தானே?

*

பத்தரை ஆயிற்று. பதினொன்று ஆயிற்று. மருதாசலத்தைக் காணோம்.

மாப்பிள்ளை வீட்டுப் பக்கத்திலிருந்து வந்தவள் ஒருத்திதான். நெருப்பெரிச்சலில் இருக்கிற பெரியம்மா முத்தாயி. மருதாசலத்தின் அப்பனுக்கு அண்ணன் பெண்டாட்டி, அவனை ஐந்து வயசிலிருந்து வளர்த்தவள். நேற்றுப் பொழுதோடு, சாயங்காலமே வந்தவள், காலையிலிருந்து அவளும் சரியாகப் பேசவில்லை. கட்டுச்சோற்று மூட்டையைப் பார்க்கிறதும் முகத்தைத் திருப்புகிறதுமாக இருந்தாள்.

வாசலில் சாமியப்பனின் செருப்புச் சத்தம் கேட்டது. போய்த் திரும்பி, போய்த் திரும்பி.

அடுப்படியில் ஞானாம்பாளின் கை தானாக ஒரு சொம்பை எடுத்தது. தண்ணீர் மொண்டது. அப்பாவிடம் கொண்டுபோய் நீட்டியது. அந்தச் சத்தம் அவளுக்கு நாலு வயசிலிருந்தே பாடம். தறியில் பாவு நூல் அறுந்தாலும் சரி, சோற்றில் உப்புக் குறைந்தாலும் சரி, அந்தச் செருப்பு இப்படித்தான் நடக்கும். அப்புறம் எதாவது ஒன்று பறக்கும். அம்மாவுக்கு அடுத்தடுத்துக் கைக்குழந்தை. ஆகவே சின்னப் பெண்தான் ஓடி ஓடித் தண்ணீர் கொடுத்தாள், விசிறினாள், தங்கச்சிகளைப் பின்கட்டுக்குக் கூட்டிப் போனாள். தன் வயிற்றுவலி, தன் காய்ச்சல் எதையும் சொல்ல மாட்டாள். வீட்டில் இன்னொரு தொந்தரவு சேரக் கூடாது, அவ்வளவுதான். அந்தப் பிள்ளைக்கு ஊரெல்லாம் நல்ல பெயர். 'சாமியப்பன் மூத்த புள்ளை இருக்குதே, வாயில்லாப் பூச்சி!' என்பார்கள். அதில் எவருக்காவது உறைத்ததா, ஒரு பிள்ளைக்கு வாய் எப்படி இல்லாமல் போகும் என்று?

"என்ன பழக்கம் இது? மணி பதினொண்ணரை! ஒரு மாப்பளைன்னா ஒரு நேரங்காலம் வேண்டாமா?" சாமியப்பன் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொம்பை ணங்கென்று வைத்தார். "நானே போயிக் கூட்டியாறேன்."

அவர் போனதும் அம்மாவிடம் சொல்லிவிடலாமா என்று ஞானாம்பாளுக்குத் தோன்றியது, பஸ்ஸிலேயே சொல்லிக்கொள்ளலாம் என்று அடக்கிக்கொண்டாள். முத்தாயி மெல்ல அடுப்படிக்கு வந்தாள்.

"கண்ணு, அவன் வரமாட்டான்."

"ஏனுங் அத்தை அப்பிடிச் சொல்றீங்க?"

முத்தாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உங்க மாமியாளும் இப்பிடித்தே போனா. ரெண்டாம் பிள்ளைக்கி. மொதப் பிள்ளைக்கித்தே கட்டுச்சோறுன்னாலும், அவுங்கப்பன் ஆசையா அப்பவும் கட்டியாந்தாங்க. இவனுக்கு அஞ்சு வயசு. சக்கரைச்சோத்தை அள்ளி அள்ளித் தின்னுபோட்டு வண்டிக்குப் பொறகாலயே ஓடிக் கையாட்டுனான். ஒரே சிரிப்பு. பாதவத்தி, பிரசவத்துலயே போயிட்டா. பிள்ளையும் தங்கலே."

"அது எனக்கும் சொல்லியிருக்காங்க அத்தை."

"இது சொல்லியிருக்க மாட்டாங்க. இவன்கிட்ட ஆரும் சொல்லலே, கண்ணு. சின்னப் பையன், தாங்குவானான்னு பயந்துட்டோம். அழுவுவான். 'அழுதீன்னா உங்கம்மா வரமாட்டா, சிரிச்சுட்டு இரு, நாளைக்கு வந்தருவா'ன்னே நானு. அன்னியோட அழுவறதை நிறுத்திட்டான். மூணு வருசம். தெனமும் பொழுது சாயற நேரத்துக்கு வண்டித்தடத்துல போயி நிப்பான். நானும் தெனமும் நாளைக்கு, நாளைக்குன்னு... பள்ளிக்கோடத்துல ஒரு பையன் சண்டையில சொல்லிப் போட்டான், 'உங்கம்மா செத்து மூணு வருசமாச்சுடா'ன்னு. ஊட்டுக்கு வந்தான். என்னைப் பார்த்தான். ஒண்ணுங் கேக்கலே. சிரிச்சான்." முத்தாயி தலையில் அடித்துக்கொண்டாள். "எம்பட வாயில புழு பூக்க! நாந்தே, நாந்தே அவனை இப்பிடி ஆக்கிப்போட்டேன்."

ஞானாம்பாளுக்கு ஒவ்வொன்றாக நினைவு வந்தது. போன நோம்பிப் பண்டிகைக்கு இரண்டே நாள் சாமளாபுரம் போய்விட்டு வந்தாள். வந்து பார்த்தால் அடுப்புப் பற்ற வைத்த அடையாளமே இல்லை. இரண்டு நாளும் அவன் சாப்பிடவில்லை. கம்பெனி விட்டதும் பஸ் நிற்கிற இடத்தில் போய் நின்றிருக்கிறான். 'உன்னைக் கூட்டிட்டு வரத்தான் போனேன்' என்றான். அவள் வருவதாகச் சொன்னது இரண்டாம் நாள், அவன் முதல் நாளே போய் நின்றிருக்கிறான். குழாயடியில் நாலு வார்த்தை கூடப் பேசிவிட்டால் பின்னாலேயே வந்து நிற்பான், சிரித்துக்கொண்டு. அதையெல்லாம் பிரியம் என்று நினைத்தாள். பிரியம்தான், யார் இல்லையென்றது? நம் ஈரோட்டுச் சகோதரியும் அப்படித்தானே நினைத்தார்.

*

கம்பெனியில் மருதாசலம் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். மத்தியானச் சாப்பாட்டு நேரம் போக, நூல் கோன்களைவிட்டுக் கண்ணை எடுக்காமல் ஷிப்டு முழுக்க நிற்கிறவன் அவன். நூல் அறுந்து துணி கீழே விழுந்தது என்று அவன் மெஷினில் ஒரு நாளும் கிடையாது. டீக்குக் கூடப் போக மாட்டான் என்று முதலாளிக்கு அவன்மேல் தனி மதிப்பு.

காலையில் மேனேஜர் சுப்பையன் கேட்டார்: "ஏப்பா, இன்னிக்கி பத்து மணிக்கு மேல லீவுன்னு சொன்னியே? உங்கூட்ல விசேசமில்ல?"

"அடுத்த வாரத்துக்குத் தள்ளிப் போட்டாச்சுங்க."

அந்தப் பொய் வாயிலிருந்து வந்தபோது அவனுக்கே திக்கென்றிருந்தது. ஏன் சொன்னான்? சத்தியமாகப் பத்து மணிக்குப் போவதாகத்தான் இருந்தான். பத்தடித்தது. இந்த ரோல் முடியட்டும் என்றான். முடிந்தது. அடுத்த ரோலை மாட்டினான். போக வேண்டும் என்று நினைக்கிற போதெல்லாம் வயிற்றுக்குள் ஏதோ சுருட்டிப் பிடித்தது. மூட்டையின் முடிச்சில் தன் விரல் படுகிற மாதிரியும், அவள் சிரித்துக்கொண்டே பஸ்ஸில் ஏறுகிற மாதிரியும் தோன்றியது. அதற்கப்புறம் ஒன்றும் தோன்றவில்லை. போகிறவர்கள் வருவார்கள் என்கிற நினைப்பே அவனுக்குள் யாரும் போட்டு வைக்கவில்லையே, எங்கிருந்து தோன்றும்?

சட்டைப் பையில் பெட்டிச் சாவி கிடந்தது. அடிக்கொரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

பன்னிரண்டரைக்குச் சாமியப்பன் கம்பெனி கேட்டுக்கு வந்து ஆள் அனுப்பினார். மருதாசலம் தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு வந்து கும்பிட்டான்.

"வாங்க மாமா. மன்னிச்சுக்கோணும். மெட்ராஸ் பார்ட்டி அர்ஜெண்ட் ஆர்டருங்க, பொழுதோட லோடு ஏத்தியாகோணும். மொதலாளி விடமாட்டீங்கறாரு. ஒரு மணிக்குள்ள கட்டாயம் வந்தர்றேன். நீங்க போயி உக்காருங்க."

அத்தனை பணிவு, அத்தனை சிரிப்பு. சாமியப்பனின் கோபம் பாதி இறங்கிவிட்டது. "சரி சரி, பொழப்பைப் பாக்கத்தானே வேணும். சீக்கிரம் வாங்க, மாப்பளே" என்று திரும்பினார்.

இரண்டு எட்டு வைத்திருப்பார். டீக்கடையிலிருந்து வந்த மேனேஜர் சுப்பையன் எதிரே பிடித்துக்கொண்டார்.

"அடடே, மருதாசலத்து மாமனாரா? கட்டுச்சோறு அடுத்த வாரத்துக்குத் தள்ளிப் போச்சாமே? லீவு குடுத்தும் வேண்டாம்னுட்டு ஓட்டறான். தங்கமான பையன், போங்க!"

சாமியப்பன் திரும்பிப் பார்த்தார். கேட்டில் மருதாசலம் இல்லை.

*

"பொய்யி! அத்தனையும் பொய்யி!"

தெரு முனையிலிருந்தே அவர் கத்திக்கொண்டு வந்தார். ஒன்றேகால். லைன் வீட்டில் எல்லாக் கதவும் திறந்தன.

"நாம என்ன சோத்துக்கில்லாம வந்தமா? கட்டியாந்த சோத்தை நாய் கூட மோந்து பாக்கலேன்னு ஊருக்குப் போயிச் சொல்லட்டுமா? லீவு குடுத்தும் வேண்டாம்னானாம்! எடு அந்த மூட்டையை. கொண்டுபோயி ஆத்துல கொட்டு!"

"நீங்க சித்தே சும்மா இருங்க" என்றாள் நல்லம்மாள். அவள் அதிகம் பேசாதவள். ஆனால் மகளின் முகத்தைக் காலையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தவள். "மாப்பளை அவுக்காட்டி என்ன? நா அவுக்கறேன். சாங்கியம் கெடக்குது. நீ வா, கண்ணு."

"பெட்டி பூட்டியிருக்குதுங்மா. சாவி..."

"பெட்டி ஆருக்கு வேணும்? கட்டுன சீலையோட வா."

"அவ வந்தா வரட்டும்!" சாமியப்பன் வாசலில் குதித்தார். "ஆனா ஒண்ணு. மாப்பளை அவுக்காத கட்டோட மகளைக் கூட்டிட்டுப் போனான்னு என்னைப் பேசுனாங்கன்னா, அப்பறம் அவ திரும்பி இங்க வரக் கூடாது. அந்தப் பொய்யன் எம் மொகத்துலயும் முழிக்கக் கூடாது. நீயே சொல்லு, ஞானா. வர்றியா, இருக்கறியா?"

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

சொல்லடி அம்மா! நர்ஸம்மா சொன்னதைச் சொல்லு! நான் எழுதுகிற மேஜையில் கையை ஓங்கிக் குத்துகிறேன், அவளுக்குக் கேட்கவா போகிறது? ஒரு வார்த்தை, 'அம்மா, எனக்கு ஆகாது' என்று ஒரே வார்த்தை. கோபமெல்லாம் அங்கேயே நின்றிருக்கும். சாமியப்பன் கத்துவாரே தவிரக் கல் இல்லை.

ஞானாம்பாள் அந்த வார்த்தையைத் தேடவே இல்லை. அவள் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் அப்பாவின் சிவந்த முகமும், வண்டித்தடத்தில் நிற்கிற ஒரு ஐந்து வயசுப் பையனும்தான். இரண்டு பேரையும் சமாதானம் பண்ண வேண்டும். அவளுக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

"நா இருக்கறனுங்பா" என்றாள். "ஒம்பதாம் மாசம் வந்து கூட்டிட்டுப் போங்க. நானே அவருகிட்டப் பேசிக்கறேன். நீங்க கோவிச்சுக்காதீங்க."

நல்லம்மாள் மகளின் கையை விடவில்லை. "பெத்தவ மனசுக்கு என்னமோ சரியாப் படலே, சாமி. சத்தியமாச் சொல்லு, ஒடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"ஒண்ணுமில்லீங்மா."

சாமியப்பன் விடுவிடுவென்று நடந்துவிட்டார். நல்லம்மாள் நாலு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டே பின்னால் போனாள். மூட்டையை எடுத்துப் போகவில்லை. அடுப்படி மூலையில் அப்படியே வைத்துவிட்டுப் போனாள்.

முத்தாயி மட்டும் தயங்கி நின்றாள். "நா வேண்ணா ரெண்டு நாள் இருக்கட்டுமா, கண்ணு?"

"வேண்டாமுங் அத்தை. நீங்க இருந்தா அவரு மனசு விட்டுப் பேசமாட்டாருங்க."

இப்படியாக, தனக்கு உதவக்கூடிய ஒவ்வொருவரையும் அந்தப் பெண் தன் வாயாலேயே அனுப்பி வைத்தாள்.

*

ஐந்தரைக்கு மருதாசலம் வந்தான். கையில் ஒரு முழம் மல்லிகை, காகிதப் பொட்டலத்தில் மைசூர்பாகு. வாசலில் நின்று முதலில் உள்ளே எட்டிப் பார்த்தான். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அவளைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்ததே, அதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பாவமாகவும் இருக்கும், பயமாகவும் இருக்கும்.

"போயிட்டாங்களா எல்லாம்?"

"ம்."

"மாமா கோவிச்சுட்டாரா? நா ஞாயித்துக்கெழமை போயி கால்ல விழுந்தர்றேன். நீ கவலைப்படாதே." மல்லிகையை அவள் மடியில் வைத்தான். பெட்டியைத் திறந்து ஏழு சேலையையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடியில் போட்டான். "பிரசவத்தை இங்கயே பாத்துக்கலாம், ஞானம். ஆரு வேணும் நமக்கு? நா லீவு போட்டர்றேன். சுடுதண்ணி வெச்சுத் தர்றேன், சோறாக்கறேன். என்னை மாதிரி ஆரு பாப்பாங்க?"

"ஏனுங்க, சித்தே உக்காருங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும்."

"சோறு தின்னுட்டே கேக்கறேன். பசி கொல்லுது."

அடுப்படிக்குப் போய் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தான். அவள் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். முடிச்சை அவிழ்த்தான். அத்தனை பேர் காத்துக்கொண்டிருந்தபோது அவிழாத முடிச்சு, இரண்டு விரலில் அவிழ்ந்தது. தயிர்ச்சோறு புளித்து வாடை வந்தது. அவன் சட்டை செய்யவில்லை. ஒவ்வொரு போசியிலும் கைவைத்து எடுத்துத் தின்றான்.

"உங்கம்மா கைக்கு வளையல் போடோணும். அடடா!"

ஞானாம்பாளுக்குப் பிடரியில் யாரோ உளி வைத்து அடிக்கிற மாதிரி இருந்தது. இருந்தாலும் பேசினாள். நர்ஸம்மா பேச்சை எடுக்கத்தான் வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"உங்கம்மாவப் பத்தி அத்தை சொன்னாங்க."

அவன் கை சக்கரைச்சோற்றில் நின்றது. சிரிப்பு போய்விட்டது. ஒன்றரை வருஷத்தில் முதல் தடவையாக அந்த முகத்தைச் சிரிப்பில்லாமல் பார்த்தாள். ஏதோ சின்னப் பையன் முகம் மாதிரி இருந்தது.

"நா அன்னிக்கி அழுதிருக்கோணும், ஞானம்" என்றான். "அழுதிருந்தா விட்டுட்டுப் போயிருக்க மாட்டா. சிரிச்சுட்டே கையாட்டித் தாட்டி உட்டேன், போயிட்டு வான்னு. நாந்தே தாட்டி உட்டேன்."

"ஐயோ, நீங்க கொழந்தைங்க அப்ப."

"உன்னை நா தாட்டி உடமாட்டேன்."

அவளுக்கு அழுகை வந்தது. அவன் தலையைப் பிடித்து மடியில் வைத்துக்கொள்ளலாமா என்றிருந்தது. நர்ஸம்மாவும் வேண்டாம், கோயமுத்தூரும் வேண்டாம், இந்த மனுஷன் நிம்மதியாகத் தூங்கினால் போதும் என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். அப்போது வயிற்றுக்குள் குழந்தை ஓங்கி ஒரு உதை விட்டது. அந்த உதைதான் அவளைப் பேச வைத்தது என்று நினைக்கிறேன்.

"எனக்கு ரத்தக் கொதிப்பாமுங்க. பெரிய ஆஸ்பத்திரியில சேர்க்கோணுமாம். தள்ளிப் போட்டா ரெண்டு உசுருக்கும் ஆகாதுன்னு நர்ஸம்மா சொன்னாங்க."

"எப்பச் சொன்னாங்க?"

"பத்து நாளாச்சுங்க."

"பத்து நாளா! ஏன் சொல்லலே எங்கிட்ட?"

"நீங்க பயந்துக்குவீங்கன்னு."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அல்லது அவன் அப்படி நினைத்துக்கொண்டிருந்தான். அவள் கண்ணைக் கசக்கினாள். மறுபடியும் கசக்கினாள்.

"பொழுது போயிருச்சுங்களா? லைட்டைப் போடுங்க."

மருதாசலம் அண்ணாந்து பார்த்தான். அவன் வந்ததுமே போட்ட பல்பு தலைக்கு நேர்மேலே எரிந்துகொண்டிருந்தது. வாசலில் இன்னும் மஞ்சள் வெயில் கிடந்தது.

"லைட்டு எரியுதே, ஞானம்."

அவள் கையை நீட்டிக் காற்றில் துழாவினாள். தயிர்ச்சோற்றுப் போசி தட்டுப்பட்டுக் கவிழ்ந்தது. அவன் கை தட்டுப்பட்டதும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு ஒண்ணுந் தெரியலீங்க. ஒரே இருட்டா இருக்குது. போங்க, ஓடிப் போயி நர்ஸம்மாவக் கூட்டிட்டு வாங்க."

"உன்னைத் தனியா உட்டுட்டா?"

"நா எங்கீங்க போவேன்? கண்ணே தெரியலீங்களே!"

இதை எழுத எனக்குக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும். அந்த வார்த்தையைக் கேட்டதும் மருதாசலத்துக்கு முதலில் வந்தது நிம்மதி. இருபத்து மூன்று வருஷமாக அவன் வயிற்றில் சுருட்டிப் பிடித்துக்கொண்டிருந்தது சட்டென்று தளர்ந்தது. இவள் இனி எங்கும் போக மாட்டாள். பயம் அதற்கப்புறம்தான் வந்தது.

நர்ஸம்மா வீடு அடுத்த தெருவில். ஓடினால் மூன்று நிமிஷம். அவனுக்கும் தெரியும்.

"போங்க!" பிறந்ததிலிருந்து யாரையும் அதட்டியறியாத பெண் அன்றைக்குத்தான் கத்தினாள். கத்திக்கொண்டே தன் கையை அவன் கையிலிருந்து உருவப் பார்த்தாள்.

அவன் விடவில்லை. இன்னொரு கையையும் சேர்த்து இறுகப் பிடித்துக்கொண்டான்.